கிட்டே பார்க்காத லென்ஸ்

“இந்த வீட்டுல என்னை யாராவது எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல.”

போன வாரம் இதைச் சொல்லிவிட்டு வாலு தன் அறைக்குள் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு யாராவது கத்தி, அத்தோடு முடிந்திருக்கும். வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்கிற குரலில் சொன்னாள். அதுதான் வம்பு.

படம் கேட்டது அவளைப் பெற்றவள். வாலுவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது பிரிந்து கடல் தாண்டிப் போனவள். பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, அதுவும் ஞாபகம் வந்தால் என்று இருந்தவள், பதின்மூன்று வருஷம் கழித்துப் போன் செய்து, என்னோடு வந்து இரு, மிச்சப் படிப்பை இங்கே முடித்துக்கொள் என்று கூப்பிட்டுவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் பேசுகிறேன், பதில் சொல் என்றாள். அதற்குள் உன் முகம் நன்றாகத் தெரிகிற ஒரு படம் அனுப்பு என்றாள். நீயே கையை நீட்டி எடுத்துக்கொண்டது வேண்டாம், வேறு யாராவது எடுத்தது வேண்டும் என்றாளாம்.

வாலு தேடிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் ஐம்பது பேரோடு நின்றது இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்தது இருந்தது. வேறு இல்லை.

அவள் சொன்னதைக் கேட்டு அதிகம் கலங்கியது அவளுடைய அப்பா இல்லை, சித்திதான். ஏனென்றால் அந்த வீட்டில் கேமரா வைத்திருப்பவள் சித்தி.

சித்தி என்றாலே கதைகளில் கையில் சூட்டுக்கோலோடு வருவாள். இவள் கழுத்தில் கேமராவோடு வந்தவள். வாலு முதல் நாளே சித்தி என்று கூப்பிட்டாள். அதைக் கேட்டுக் குடியிருப்பு முழுக்க அப்படியே கூப்பிட்டது. கட்டின கணவன்கூட மற்றவர்களிடம் பேசும்போது “சித்தியைக் கேட்டுச் சொல்றேன்” என்பார். நாமும் அப்படியே அழைத்துவிட்டுப் போவோம்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. நோயாளியைப் பலகைக்கு முன் நிறுத்தி, தோளைத் திருப்பி, முகவாயை உயர்த்தி வைத்துவிட்டு, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். “மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.” பொத்தானை அமுக்குவாள். “இப்ப விடலாம்.” நாள் பூராவும் இதுதான். வார விடுமுறையில் ஊருக்கு வெளியே இருக்கும் நீர்த்தேக்கத்துக்குப் போய், நாரையும் கொக்கும் மீன்கொத்தியும் எடுப்பாள். அவற்றிடம் மூச்சைப் பிடி என்று சொல்ல முடியாது என்பதால் தானே பிடித்துக்கொள்வாள்.

இனி ஒரு ரகசியம். சித்தியின் கேமராவில் பறவைகள் பாதிதான். மீதிப் பாதி வாலு. மூன்றாம் மாடி பால்கனியில் காய்கிற துணிகளுக்குப் பின்னால் நின்று, எதிரே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வாலுவை எடுப்பாள். மொட்டைமாடியில் தலை காய வைக்கும் வாலு, தெருமுனையில் தோழியோடு சிரிக்கும் வாலு, எல்லாமே தூரத்திலிருந்து. யாராவது கேட்டால் எதிர் வீட்டுப் புறாவை எடுக்கிறேன் என்பாள். “உலகத்துலயே அதிகமா போட்டோ எடுக்கப்பட்ட புறா அதுதான்” என்று கணவர் கேலி செய்வார்.

ஆக, படம் இல்லை என்று வாலு சொன்னபோது சித்தி வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஏன் என்று அவளே இன்றைக்குச் சொல்லப்போகிறாள்.

சனிக்கிழமை விடிந்தது. அது சித்தி மூன்று மாதமாகக் குறித்து வைத்திருந்த நாளும்கூட. பழைய முன்னூறு மில்லிமீட்டர் ஜூம் லென்ஸைக் கொடுத்துவிட்டு, அதைவிட இரண்டு மடங்கு தூரம் எட்டுகிற, அறுநூறு வரை போகிற பெரிய லென்ஸை வாங்கப் போகிறாள். இந்த முடிவுக்கு வருவதற்குள் அவள் பார்க்காத வீடியோ இல்லை. ஒருவர் கேமரா பாடியை மாற்று என்பார், இன்னொருவர் பாடியைத் தொடாதே, லென்ஸை மாற்று என்பார், மூன்றாமவர் இரண்டையும் மாற்றிவிட்டுப் பழையதே தேவலாம் என்று புலம்புவார். “பொண்ணு பார்க்கக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கம்மா” என்றார் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வருவதாக இருந்தவரை, காலையிலேயே ஏதோ ஓர் அலுவலகத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார்கள். இன்றைக்குப் போக வேண்டாம் என்றுதான் சித்தியும் நினைத்தாள். மகள் சாயங்காலம் என்ன சொல்லப்போகிறாளோ என்று தெரியாதபோது லென்ஸ் ஒரு கேடா?

“நான் வரேன் சித்தி” என்றாள் வாலு, காலணியைப் போட்டுக்கொண்டே.

கணவர் சித்தியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். வழியில் வாலு கேட்டால்கூடப் போ என்றும் சொல்லாதே, இரு என்றும் சொல்லாதே என்றார். “நடுவுல நிக்கிற லிஃப்ட்டை ஆளாளுக்கு இழுத்தா ஆபத்து. தானா ஒரு மாடிக்கு வரட்டும்.” சொல்லிவிட்டுக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் கண் சிவந்திருந்தது.

சித்திக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஒதுங்கி நிற்பதுதான் அவளுக்குக் கைவந்த கலை ஆயிற்றே. பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனார்கள்.

கேமராக் கடை, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே ஒடுங்கி, உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருந்தது. சுவரெல்லாம் கண்ணாடி அலமாரி. பூஞ்சை பிடிக்காமல் இருக்க அவற்றுக்குள் சின்ன மஞ்சள் விளக்கு. கடைக்காரர் ஒரு ரப்பர் பந்தை அமுக்கி, ஏதோ ஒரு லென்ஸின் மேல் காற்றை ஊதிக்கொண்டிருந்தார். ஓயாமல் பேசுகிற மனிதர்.

பாடியையும் மாற்றலாமா என்று சித்தி கேட்டதும் அவர் ரப்பர் பந்தைக் கீழே வைத்தார். “பாடி மாப்பிள்ளை மாதிரிம்மா. வந்த புதுசுல முறுக்கா இருக்கும், நாலு வருஷத்துல மவுசு போயிடும். லென்ஸ் பொண்டாட்டி மாதிரி. கடைசி வரைக்கும் கூட வரும்.” வாலு சிரித்துவிட்டாள். சித்தியின் கேமராவில் படம் பதிகிற சென்சார் சின்னது, அதில் முன்னூறு மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால் இன்னும் கிட்டே வந்த மாதிரி தெரியும், பெரிய சென்சாருக்குப் போனால் அந்த லாபம் போய்விடும், பறவைக்காரர்களுக்கு அது நஷ்டம் என்று விளக்கினார். சித்திக்கு இதெல்லாம் தெரியும். இருந்தாலும் தெரிந்ததையே இன்னொருவர் வாயால் கேட்பதில் ஒரு சுகம்.

பழைய கேமராவை லென்ஸோடு அவரிடம் நீட்டினாள். மாற்றிக்கொள்வதற்கு முன்னால் அதன் கண்ணாடியைச் சோதிக்க வேண்டும் என்றார். அவர் பெரிய லென்ஸைக் கடையின் கேமரா ஒன்றில் மாட்டிச் சித்தியின் கையில் கொடுத்தார். கைக்குழந்தையின் கனம் இருந்தது. ஆசைப்பட்ட பொருள் கைக்கு வந்தால் புத்தி கொஞ்சம் வெளியே போய்விட்டுத்தான் வரும். பழைய கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவிக்கொள்ள வேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்திருந்தவள், மறந்தாள்.

“எதையாவது எடுத்துப் பாருங்க” என்றார் கடைக்காரர்.

எதிரே வாலுதான் நின்றிருந்தாள். சித்தி தயங்கினாள். அத்தனை கிட்டே நிற்கும் வாலுவுக்கு நேராக அவள் கேமராவைத் தூக்கிப் பல வருஷமாகிறது. வாலு அசையாமல் நின்றாள். சித்தி தூக்கினாள்.

உள்ளே ஒரே மங்கல். மோட்டார் முன்னே போயிற்று, பின்னே வந்தது, மறுபடி முன்னே போயிற்று. ஒரு நிறம் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

அப்படித்தான் இருக்கும் என்றார் கடைக்காரர். இந்த லென்ஸ் மூன்று மீட்டருக்கு உள்ளே இருப்பதைப் பார்க்காது, பின்னால் போங்கள் என்றார். சித்தி ஓரடி பின்னால் வைத்தாள். மங்கல். இன்னும் போனாள். முதுகு அலமாரியில் இடித்தது, திரும்பி நீளவாக்கில் நகர்ந்தாள். மோட்டார் முனகிக்கொண்டே தேடியது. வாசல் பக்கம் வந்துவிட்டாள்.

“இன்னும் எவ்வளவு தூரம் சித்தி பின்னாடி போவீங்க?” என்றாள் வாலு.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் சித்தி அங்கேயே நின்றுவிட்டாள். அப்போது பார்த்துத்தான் கடைக்காரர், பழைய லென்ஸ் ஓரங்களில் கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, கார்டைக் கணினியில் செருகிக் கடைசிப் படத்தைப் பெரிய திரையில் திறந்தார்.

பஸ் நிறுத்தத்தில் வாலு.

பறவையாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர், அட என்று அடுத்ததைத் தட்டினார். பையில் எதையோ தேடும் வாலு. அடுத்தது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் வாலு. ஒரு மீன்கொத்தி வந்தது. மறுபடி வாலு, மொட்டைமாடியில், விரித்த முடியோடு. நல்ல படங்கள் என்று பாராட்டக் கடைக்காரர் திரும்பினார். பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

“இது போன மழைக்காலம்” என்றாள் வாலு மெதுவாக. “அந்தக் குடை தொலைஞ்சே போச்சு.” சித்தியின் பக்கம் திரும்பினாள். “ஒளிஞ்சு நின்னு எடுத்தீங்களா?”

வாலு அவளைத் தாண்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. வாலு அதில் போய் உட்கார்ந்ததைச் சித்தி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். கையில் அந்தப் பெரிய லென்ஸ் இன்னும் இருந்தது. பழக்க தோஷம், அது தானாகவே கண்ணுக்குப் போயிற்று.

இப்போது மோட்டார் ஒரே ஒரு முறைதான் முனகியது. பளிச்சென்று முகம். இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது, அழக் கூடாது என்று அவள் படுகிற பாடு தெரிந்தது. இத்தனை அருமையான லென்ஸை வாழ்நாளில் அவள் தொட்டதில்லை. இது கையில் இருந்தால் இந்தப் பெண்ணை இன்னும் இரண்டு தெரு தள்ளி நின்றுகூடப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால்? அங்கே எட்டுகிற லென்ஸை எவன் செய்து வைத்திருக்கிறான்?

சித்திக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. பிள்ளை அழுகிறது, நான் கூர்மை பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்று நினைத்தாள். லென்ஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து, பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வாலு நகர்ந்து உட்காரவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகவும், இப்போது பார்த்தால் தெரியாமல் கவனித்திருக்கிறார்கள் என்றும், எது மோசம் என்று புரியவில்லை என்றும் சொன்னாள். “கொக்கை எடுக்க இருட்டுலயே எழுந்து போவீங்க. என்னை ஒரு தடவை, வா, நில்லுன்னு சொன்னதில்ல. உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னே நினைச்சேன்.”

“நீதானே வேண்டாம்னே” என்றாள் சித்தி.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று உறைத்தது. ஆனாலும் சொல்ல ஆரம்பித்தாயிற்று. கல்யாணம் முடிந்து அந்த வீட்டுக்குள் வந்த முதல் நாள். ஜன்னலோரம் நின்றிருந்த எட்டு வயதுப் பெண். புதுசாக வாங்கின கேமரா. ஆசையாகத் தூக்கினாள். அந்தப் பெண் சட்டென்று கையால் முகத்தை மூடிக்கொண்டு, எங்க அம்மா மட்டும்தான் என்னைப் படம் எடுப்பாங்க என்றது. சித்தி கேமராவைக் கீழே இறக்கினாள். அன்றைக்கு இறக்கியதுதான். ஒரு பெண்ணின் அம்மா இருந்த இடத்தில் போய் நாம் நிற்கக் கூடாது, தானாக வரும்போது வரட்டும் என்று முடிவு செய்துகொண்டாள். பறவையும் அப்படித்தான், கிட்டே போனால் பறந்துவிடும். ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அதனால் பெரிய ஜூம் வாங்கினாள்.

“நானா அப்படிச் சொன்னேன்?”

“வார்த்தை மாறாம.”

வாலு நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. அவள் கை மெல்ல மேலே போய் முன்பல்லைத் தொட்டது. அப்படியே நின்றது.

“அம்மாகிட்ட கேமராவே கிடையாது சித்தி” என்றாள்.

“பின்ன?”

“எனக்குப் பல்லு விழுந்திருந்துச்சு. முன்னாடி ரெண்டு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் ஓட்டைவாய்னு கூப்பிடுவாங்க. புதுசா வந்த சித்தி அதைப் போட்டோ எடுத்துடுவாங்கன்னு பயந்து, என்ன வாயில வந்துச்சோ அதைச் சொன்னேன்.”

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே பல் போனதால் வந்த ஒரு சொல் பதினோரு வருஷம் போகாமல் நின்றுவிட்டது. இரண்டு பல்லும் அடுத்த சில மாதத்தில் முளைத்திருக்கும். பொய் சொன்ன பிள்ளைக்கும் அது மறந்திருக்கும். சித்தி மட்டும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, துணிக்கொடிக்குப் பின்னால் நின்று, புறா புறா என்று சொல்லிக்கொண்டு ஒரு குழந்தை வளர்ந்து முடிவதைப் பார்த்திருக்கிறாள்.

முதலில் சிரித்தது வாலு. சித்தியும் சிரித்தாள், ஆனால் பாதியில் அது அழுகையாகிவிட்டது. இத்தனை வருஷம் வீணாகப் போயிற்றே என்று துக்கமாக இருந்தது. எதிரே செருப்புக்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அழுது முடித்தபோது, கணவர் சமையலறையில் சொன்னது நினைவுக்கு வந்தது. போ என்றும் சொல்லாதே, இரு என்றும் சொல்லாதே. நல்ல யோசனைதான். ஆனால் பதினோரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த பலனை இப்போதுதானே பார்த்தாள்.

“எனக்கு நீ போகக் கூடாதுன்னுதான் இருக்கு” என்றாள் சித்தி. “சொல்லாம இருந்தா அதையும் நீ வேற மாதிரி எடுத்துக்குவே. சொல்லிட்டேன். அதுக்காக நீ இருக்கணும்னு இல்ல.”

வாலு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, “வாங்க, உங்க கேமராவை அவர் வித்துடப் போறார்” என்றாள்.

கடைக்காரர் திரையை அணைத்துவிட்டு, செய்யாத குற்றத்துக்குத் தலை குனிந்து நின்றிருந்தார். பெரிய லென்ஸ் வேண்டாம் என்றதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பழைய ஜூமையும் கொடுக்கவில்லை. கிட்டே இருக்கிற ஆளை எடுக்க என்ன இருக்கிறது என்று சித்தி கேட்டாள். கேமராவோடு வந்த சின்ன லென்ஸ் இருக்குமே என்றார். இருந்தது, சித்தியின் பையின் அடியில், ஜூம் வாங்கிய நாளில் போட்ட மூடியோடு. அதை மாற்றுக்கு வாங்கிக்கொண்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார். யாரோ உபயோகித்தது, ஆனால் கண்ணாடி சுத்தம். ஜூம் கிடையாது. வீட்டு வெளிச்சமே போதும், விளக்கு வேண்டாம். முகம் பெரிதாக வேண்டுமானால் நீங்கள்தான் எழுந்து கிட்டே போக வேண்டும் என்றார். மேலே கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சாயங்காலம் கணவர் வந்தபோது சாப்பாட்டு மேஜை ஜன்னலோரத்துக்கு நகர்ந்திருந்தது. வாலு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரத்தில், இன்னொரு நாற்காலியில் சித்தி. என்ன நடக்கிறது என்று கேட்க வாயெடுத்தவரின் கையில் ஒரு வெள்ளைப் போர்வையைக் கொடுத்து, முகத்தின் இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சம் திரும்புகிற மாதிரி விரித்துப் பிடிக்கச் சொன்னார்கள். லிஃப்ட்டை இறக்கிவிட்டு வந்தேன், இங்கே என்னைக் கொடிக்கம்பம் ஆக்கிவிட்டார்கள் என்று முணுமுணுத்தார். ஆனாலும் பிடித்தார். மகளுடைய முகத்தையும் மனைவியுடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிறகு முணுமுணுப்பதையும் நிறுத்திக்கொண்டார்.

லென்ஸ் சத்தமில்லாமல் முகத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தனை கிட்டே சித்தி அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. இடது புருவத்துக்குள் ஒரு மச்சம் இருந்தது. அத்தனை படங்களிலும் அது விழுந்ததில்லை.

“மூச்சை இழு. பிடி” என்றாள் பழக்கத்தில். “அசையாதடி.”

வாலுவின் கண் லேசாக விரிந்தது. வாம்மா, போம்மா என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் பேசுவதுபோலவே பேசிக்கொண்டிருந்த சித்தியின் வாயில் அந்த ‘டி’ வந்தது அன்றைக்குத்தான். சித்தி கவனிக்கவில்லை. பொத்தானை அமுக்கினாள்.

“விடலாமா?” என்றாள் வாலு, மூச்சைப் பிடித்தபடியே.

“விடு, விடு.”

போர்வையை உதறிப் போட்டுவிட்டு மூன்று பேரும் திரையின் மேல் குனிந்தார்கள். வாலு தன் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கண், கருவிழி, அதற்குள் ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்ன உருவம், முகத்தில் கேமராவோடு.

“சித்தி, நீங்களும் விழுந்திருக்கீங்க.”

கணவர் அதை வெட்டிவிட முடியாதா என்றார். முன்னாள் மனைவிக்குப் போகப்போகிற படத்தில் இந்நாள் மனைவி இருப்பது அவருக்கு என்னவோபோல இருந்தது. கண்ணுக்குள் இருப்பதை எப்படி வெட்டுவது என்று கேட்டுவிட்டு, வாலு படத்தைத் தன் போனுக்கு மாற்றி அப்படியே அனுப்பினாள்.

கணவர் போர்வையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். சித்தி தேநீர் போட்டாள், யாரும் குடிக்கவில்லை.

போன் அடித்தது. வாலு அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

சித்தி மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பது அவளுக்குப் பழகிய இடம். ஆனால் வேலையில் பொத்தான் அவள் கையில் இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. வாலு ஏதோ சொன்னாள். நீண்ட நேரம் கேட்டாள். தலையை ஆட்டினாள், அது ஆமாம் என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று தெரியவில்லை. ஒரு முறை கண்ணாடி வழியாகச் சித்தியைப் பார்த்தாள். பழைய ஜூம் பையில்தான் இருந்தது. சித்தி அதைத் தொடவில்லை.

கதவு திறந்தது. வாலு உள்ளே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, போனைத் தன் நெஞ்சோடு பொத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“அம்மா படத்தைப் பெருசாக்கிப் பார்த்தாங்களாம். அப்புறம் யார் எடுத்ததுன்னு கேட்டாங்க. சொன்னேன்.” போனை நீட்டினாள். “உங்ககிட்ட பேசணுமாம்.”

நீ என்ன பதில் சொன்னாய் என்று அப்பா கேட்டார். வாலு அவர் பக்கம் திரும்பவில்லை. நீட்டிய கையை இறக்கவும் இல்லை.

சித்திக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஓர் அறை நீளம் இருந்தது. சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கிட்டே போனாள்.